ஆஷாவை ஊருக்கு அனுப்பு

“ஆஷா சுலைமான்” என்றேன்.

மருத்துவமனை வரவேற்பு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிலிப்பைன்ஸ் பெண் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, அப்படி யாரும் இல்லை என்றாள்.

எழுத்துக் கூட்டிச் சொன்னேன். தான்சானியாக்காரி, ஐம்பது வயதைத் தாண்டியவள், மூச்சுத் திணறலோடு துபாய் டெய்ராவிலிருந்து காலையில் ஆம்புலன்ஸில் வந்தவள் என்று அடையாளம் சொன்னேன். அவள் பொறுமையாக மறுபடியும் தட்டினாள். பிரசவ வார்டில் ஓர் ஆஷா இருக்கிறாள், ஆனால் அவள் இந்தியாக்காரி, வயது இருபத்தைந்து என்றாள்.

நான் கொஞ்சம் முன்கோபி. இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு அது தெரிந்திருக்கும். ஆம்புலன்ஸில் ஏற்றி வந்த ஆளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று குரலை உயர்த்தினேன். பிறகு, வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருப்பார்களோ என்ற சந்தேகம் வந்து டாக்சி பிடித்தேன். வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து கண் தெரியாமல் போகும் ஆகஸ்ட் மாதக் கடைசி. இரண்டாவது மருத்துவமனையிலும் அதே பெயரைச் சொன்னேன். அங்கேயும் இல்லை.

காலையில் எனக்குச் செய்தி சொன்னவர் காதர் பாய். கீழக்கரைக்காரர். டெய்ராவில் ஆப்பிரிக்க வியாபாரிகள் வந்து தங்கும் சின்ன லாட்ஜ் ஒன்றில் பல வருடங்களாக மேனேஜர். அவரையே திரும்பவும் அழைத்தேன்.

“எந்தப் பேரைச் சொல்லிக் கேட்டீங்க டீச்சர்?”

“ஆஷான்னுதான்.”

“பாஸ்போர்ட்ல அந்தப் பேரு இல்லையே. நான்தான காப்பி எடுத்து வச்சிருக்கேன்.”

அப்போதுதான் உறைத்தது. ஆஷா சுலைமான் என்று உலகத்தில் ஒருத்தியும் கிடையாது. என் புத்தகத்துக்காக வைத்த பெயர் அது.

காதர் பாய் பாஸ்போர்ட்டைப் பார்த்து நிஜப் பெயரை வாசித்தார். அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு முதல் மருத்துவமனைக்கே திரும்பிப் போனேன். “ஆனைக்கும் அடி சறுக்கும் டீச்சர், விடுங்க” என்றார் அவர். எனக்கு அழுகை வந்தது.

பெயர் வைத்த கதை

மனிதர்களைச் சந்தித்துக் கேட்டு எழுதும் ஆராய்ச்சியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நம்மிடம் பேசியவர்களின் நிஜப் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது. நம்மை நம்பிச் சொன்ன ஒரு வார்த்தையால் நாளைக்கு அவர்களுக்குக் கடையிலோ வீட்டிலோ விமான நிலையத்திலோ ஒரு தொல்லை வந்துவிடக் கூடாது என்பதற்காக.

ஆராய்ச்சி செய்கிறவர்கள் பலர் தாங்களாகவே ஏதோ ஒரு பெயரை வைத்துவிடுவார்கள். நான் பேசியவர்களையே கேட்பேன். “உங்களுக்கு என்ன பெயர் வேண்டும்?” இந்தக் கேள்வியை அவர்களிடம் அதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உகாண்டாவின் கம்பாலாவில் மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டும் ஒருவர், சற்றும் யோசிக்காமல், “ஜனாதிபதி என்று எழுது” என்றார். அந்த அத்தியாயம் முழுக்க அவர் ஜனாதிபதியாகத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

இவள் நிறைய யோசித்தாள். டெய்ராவில் ஒரு திரைச்சீலைக் கடையின் வாசலில், கட்டிவைத்த மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசியது சுவாஹிலியில். அதை என்னால் பாளையங்கோட்டைத் தமிழில்தான் எழுத முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

“ஆஷான்னு எழுது.”

“யாரு அது?”

“பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல உட்கார்ந்தவ. அவ நினைச்சதெல்லாம் நடந்துச்சு. ராசியான பேரு.”

தான்சானியாவில் முஸ்லிம் வீடுகளில் சாதாரணமாக வைக்கும் பெயர்தான் அது. நான் எழுதிக்கொண்டேன். அன்றிலிருந்து என் கோப்புகளிலும் கட்டுரைகளிலும் அவள் ஆஷா. என் கைபேசியிலும், யார் எடுத்துப் பார்த்தாலும் தெரியக் கூடாது என்று, ஆஷா. வீட்டில் என் கணவர் சங்கரன்கூட, “ஆஷா இந்தத் தடவை எப்ப வாரா?” என்றுதான் கேட்பார்.

நேரில் பார்க்கும்போது நான் அவளை டாடா என்று கூப்பிடுவேன். அவர்கள் மொழியில் அக்கா என்று பொருள். அவளும் என்னை டாடா என்பாள். எங்களில் யார் மூத்தவள் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. இப்படியே பத்து வருடத்துக்கு மேல் ஓடியதில், அவளுடைய நிஜப் பெயருக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

உள்ளூர் ஓணான்

போன வாரம் தான்சானியாவின் டார் எஸ் சலாமில் பெய்யும் மழையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுக் கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “ஆப்பிரிக்க நகரங்களை ஆராய்கிறேன் என்கிறீர்கள். ஆனால் குடியிருப்பது துபாய்ப் பக்கம். இரண்டுக்கும் என்ன ஒட்டு?”

நியாயமான கேள்வி. இதையே என் மைத்துனர் இன்னும் நயமாகக் கேட்பார். “உள்ளூர்ல ஓணான் பிடிக்கத் தெரியாதவன் உடையார்பாளையத்துல போய் உடும்பு பிடிச்சானாம். பாளையங்கோட்டை மார்க்கெட்டுல இல்லாத வியாபாரியா அங்க இருக்காங்க?”

கல்யாணமாகி வளைகுடாவுக்கு வந்தபோது நாங்கள் துபாயில் கராமா பகுதியில் ஒரு படுக்கையறை வீட்டில் இருந்தோம். சங்கரன் ஆபீசுக்குப் போனபின் பகல் முழுக்க எனக்கு வேலையில்லை. மெட்ரோ பிடித்து டெய்ராவுக்குப் போய்த் தெருத்தெருவாக நடப்பேன். புவியியல் படித்தவளுக்கு அது ஒரு வியாதி. அப்போதுதான் பார்த்தேன், அந்தத் தெருக்களில் பாதிப் பேர் ஆப்பிரிக்காவிலிருந்து சரக்கு வாங்க வந்தவர்கள். ஏழெட்டு நாள் தங்குவார்கள். கடைகடையாக ஏறி இறங்குவார்கள். மூட்டைகள் நடைபாதையில் ஆளுயரத்துக்கு நிற்கும். பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு கன்டெய்னரில் இடம் பிடிப்பார்கள். கன்டெய்னர் கப்பலேறும், அவர்கள் விமானமேறுவார்கள்.

அவர்கள் பின்னாலேயே போனேன். பிறகு சுவாஹிலி படித்தேன், பட்டம் வாங்கினேன், ஷார்ஜாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன், வீடும் ஷார்ஜாவின் முவைலாவுக்கு மாறியது. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் மற்றக் குடும்பங்கள் ஊருக்குப் போகும்போது நான் டார் எஸ் சலாமுக்கோ கம்பாலாவுக்கோ போவேன். “உலகத்துல எல்லாரும் எப்படிப் பிழைக்காங்கன்னு ஆராய்ச்சி பண்ணுத. நம்ம வீட்ல கேஸ் தீர்ந்து ரெண்டு நாளாச்சு” என்று சங்கரன் தொலைபேசியில் சொல்வார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

ஆஷாவின் வியாபாரம் திரைச்சீலை. டார் எஸ் சலாமின் ஓரங்களில் புதுப்புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஜன்னல், ஒவ்வொரு ஜன்னலுக்கும் துணி. ஜன்னல் அங்கே, துணி இங்கே. அந்த ஊரின் ஒரு தெரு துபாயில் இருக்கிறது என்பதுதான் என் புத்தகத்தின் சாரம். வாசகருக்கு இதுதான் என் பதில்.

கணவன் விட்டுப் போனபின் அந்த ஊர்க் கரியாக்கோ சந்தையில் பாதிக் கடையை வாடகைக்குப் பிடித்து, ஒரே மகளை ஆங்கிலப் பள்ளியில் படிக்க வைத்தவள் அவள். வருடத்துக்கு மூன்று தடவையாவது துபாய் வருவாள். வந்தால் ஒருநாள் முவைலாவுக்கு வந்து என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, என் வீட்டு ஜன்னல் துணி மட்டம் என்று சொல்லிவிட்டுப் போவாள்.

மருத்துவமனையில்

சரியான பெயரைச் சொன்னதும் ஒரு நிமிடத்தில் வார்டு எண் கிடைத்தது.

முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. என்னைக் கண்டதும், “காலைல சொல்லி அனுப்பினேன். இப்பதான் வாரியா?” என்றாள்.

“ஆஷாவைத் தேடிக்கிட்டு இருந்தேன்.”

நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், மலையாளி நர்ஸ் ஓடிவந்து என்னை முறைத்தாள்.

இருதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று மருத்துவர் விளக்கினார். ரொம்ப நாளாகவே இருந்திருக்க வேண்டும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஊருக்குப் போக வேண்டும். “அங்க போய் எது வேணா ஆகட்டும்” என்றாள். அவள் வாங்கிய சரக்கை மற்றப் பெண்கள் கன்டெய்னரில் ஏற்றிக்கொள்வார்கள், அது பிரச்சினை இல்லை. விமானத்தில் ஏற மருத்துவர் ஒப்புதல் வேண்டும். அவர் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றார்.

மகளுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். மகளுக்கும் புத்தகத்தில் வேறு பெயர்தான், இங்கே மகள் என்றே எழுதுகிறேன். நிறைமாதக் கர்ப்பிணி, விமானத்தில் வர முடியாது. “நான் வந்துருவேன். தொட்டில் துணிகூட வாங்கிட்டேன்” என்று அம்மா அதட்டினாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலைச் சுற்றித் தொங்கிய திரையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். “நாலு சலவை தாங்காது” என்றாள்.

பிரேயர் புக்

வகுப்பு முடிந்ததும் ஷார்ஜாவிலிருந்து கிளம்பி, அந்தச் சாலையின் நெரிசலில் ஊர்ந்து, பார்வையாளர் நேரம் முடிவதற்குள் போய்ச் சேர்வேன். சங்கரன் ஃபிளாஸ்க்கில் கஞ்சி ஊற்றித் தருவார். உப்பில்லாத கஞ்சி. “இதை உன் புருஷன் கோபமா இருக்கும்போது வச்சானா?” என்று கேட்டாள்.

ஒருநாள், “அந்தப் புத்தகத்தைக் கொண்டு வா” என்றாள். புத்தகம் வெளிவந்ததும் அவளுக்கு ஒரு பிரதி கொடுத்திருந்தேன். அது ஆங்கிலத்தில் இருந்ததால் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கடையில் ஊதுபத்திக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

கொண்டு போனேன். ஆங்கிலத்தை மனசுக்குள் வாசித்துச் சுவாஹிலியில் சொன்னேன். பல்கலைக்கழகத்து ஆங்கிலத்தை ஒரு மனுஷியின் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியிருக்கும்போதுதான் அதில் எவ்வளவு பதர் என்று தெரிகிறது. பத்தி பத்தியாகத் தாண்டினேன். ஆஷா வருகிற இடங்களை மட்டும் சொன்னேன்.

வேறு யாருடைய கதையையோ கேட்பதுபோலத்தான் கேட்டாள். கணவன் விட்டுப் போன இடத்தில், “தொலைஞ்சான், நல்லதாப் போச்சு அவளுக்கு” என்றாள். சந்தையில் பக்கத்துக் கடைக்காரனோடு சண்டை போடும் இடத்தில், “இவ்வளவு வாய் ஆகாது இந்தப் பொம்பளைக்கு” என்றாள். முதல்முறை தனியாக விமானமேறிய இடத்தை இரண்டாவது தடவை சொல்லச் சொன்னாள். கேட்டுவிட்டு, “பாவம், எப்படிப் பயந்திருப்பா” என்றாள்.

மலையாளி நர்ஸ் ஊசி போட வந்தாள். நான் மெல்லிய குரலில் வாசிப்பதையும் இவள் கண்மூடிக் கேட்பதையும் பார்த்துவிட்டு, “பிரேயர் புக்கா சேச்சி?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

“அவளை அனுப்பிடு”

அந்த வாரக் கடைசியில் மருத்துவர் வந்தார். வீக்கம் வடியவில்லை, சிறுநீரகமும் சரியாக வேலை செய்யவில்லை, இப்போதைக்கு விமானத்தில் அனுப்ப முடியாது என்று என்னிடம் சொன்னார். அதை நான் அவளிடம் சொல்ல வேண்டும். நல்ல செய்திகளை மொழிபெயர்த்துச் சொல்ல எனக்குத் தெரியும். இதைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டாள். பிறகு கேட்டாள்.

“டாடா, உன் ஆஷா இப்ப எங்க இருக்கா?”

“இங்கதான் இருக்கா. என் முன்னாடி.”

“இல்ல. இங்க இருக்கிறது நான். அவ புத்தகத்துல இருக்கா. அவளையாவது அனுப்பிடு.”

“எப்படி அனுப்ப?”

“எழுதேன். பிளேன் ஏறினா, இறங்கினா, மக வந்து கையில இருந்த பையை வாங்கிக்கிட்டா. அவ்வளவு போதும். அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்.”

உள்ளே இருந்த வாத்தியாரம்மா சும்மா இருக்கவில்லை. “நடக்காததை நான் எழுதக் கூடாது டாடா. எங்க வேலைல அது பெரிய தப்பு” என்றேன். சாகக் கிடக்கிறவளிடம் போய் முறைமை பேசினேன்.

அவள் கோபப்படவில்லை. “பேரையே பொய்யா எழுதினவ நீ. இது ஒண்ணு முடியாதா உனக்கு?” என்றாள்.

எழுதுகிறேன் என்றேன். அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். சத்தியம் வாங்கும் வழக்கமா, கை சூடாக இருந்ததாலா, தெரியாது. பார்வையாளர் நேரம் முடியும்வரை அப்படியே இருந்தோம்.

கபுருஸ்தான் வாசலில்

வகுப்பில் இருந்தபோது காதர் பாய் அழைத்தார். எடுத்தேன். “கிளாஸ்ல இருக்கீங்களா டீச்சர்? முடிச்சிட்டே கூப்பிடுங்க, அவசரமில்ல” என்றார். அவசரமில்லை என்றதும் தெரிந்துவிட்டது. மாணவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

“மவுத்தாயிட்டாங்க டீச்சர். விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு நான் போய்ப் பார்த்தேன். சலாம் சொன்னேன், பதில் சொன்னாங்க. நல்லாத்தான் இருந்தாங்க.”

உடலை ஊருக்கு அனுப்பும் ஏற்பாடுகள் காதர் பாய்க்கு அத்துப்படி. எத்தனையோ பேரை அனுப்பியவர். ஆனால் மகள் தொலைபேசியில் அழுதுகொண்டே தீர்மானமாகச் சொன்னாள். “அம்மாவைக் காக்க வைக்க வேண்டாம். காகிதம் காகிதமாக் கையெழுத்து வாங்கி, பெட்டியில வச்சு, எத்தனை நாள் ஆகும். மய்யத்தைக் காக்க வைக்கக் கூடாது. அங்கயே அடக்கிடுங்க.” அதுதான் அவர்கள் முறை. சரியென்றேன். உள்ளுக்குள், அவள் ஊருக்கு வர ஆசைப்பட்டாளே என்று அடித்துக்கொண்டது. பெற்ற மகளிடம் அதைச் சொல்ல நான் யார்?

லாட்ஜில் தங்கியிருந்த தான்சானியாக்காரர்களும் உகாண்டாக்காரர்களும் அடக்கத்துக்குக் கபுருஸ்தானுக்கு வந்திருந்தார்கள். திரைச்சீலைக் கடையின் பாகிஸ்தானி முதலாளி கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். “பொம்பளைங்க உள்ள வர்றது வழக்கமில்ல டீச்சர், தப்பா நினைக்காதீங்க” என்றார் காதர் பாய். நான் காரிலேயே இருந்தேன். சங்கரன் அவர்களோடு உள்ளே போய்க் கொஞ்சம் தள்ளி நின்றார். திரும்பி வந்தபோது அவர் செருப்பெல்லாம் மணல். “கடைசில ஆளுக்கு மூணு கைப்பிடி மண்ணு போட்டாங்க. நானும் போடலாமான்னு காதர் பாய்ட்ட கேட்டேன். போடுங்கன்னாரு” என்றார். சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கல்லில் பெயர் பொறிப்பதில்லை. ஒரே மாதிரி மண்மேடுகள் வரிசை வரிசையாக. காதர் பாய் அந்த இடத்தில் நின்று லொக்கேஷன் எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். நான் அதை மகளுக்கு அனுப்பினேன். என் வாழ்க்கையில் எத்தனையோ வரைபடம் போட்டிருக்கிறேன். அந்த ஒரு புள்ளியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மகள் சொன்னது

அடுத்த கோடையில் டார் எஸ் சலாமுக்குப் போனேன். கரியாக்கோவில் கடையை மகள்தான் நடத்திக்கொண்டிருந்தாள். முதுகில் துணியால் கட்டிய குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அம்மாவின் பெயரையே வைத்திருந்தாள். நிஜப் பெயரை. யாரோ ஒரு வாடிக்கையாளர் குழந்தையை அந்தப் பெயர் சொல்லிக் கொஞ்சியபோது எனக்கு ஒரு கணம் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்றே புரியவில்லை.

புத்தகம் அப்போது இரண்டாம் பதிப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு பக்கம் சேர்ப்பதாக இருந்தேன். ஆராய்ச்சி நூலில் அதை எந்த மூலையில், எந்தச் சாக்கில் நுழைப்பது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்து, நாலு வரி எழுதியும் வைத்திருந்தேன். ஆஷா விமானத்திலிருந்து இறங்கினாள், மகள் பையை வாங்கிக்கொண்டாள். அதை மகளிடம் வாசித்துக் காட்டி, அவள் அம்மா கேட்டதையும், நான் வாக்குக் கொடுத்ததையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

அவள் குழந்தையை முதுகிலிருந்து இறக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

“எழுதாதீங்க ஆன்ட்டி.”

“உங்க அம்மாதான் கேட்டா.”

“தெரியுது. ஆனா நான் பை வாங்கலையே. ஏர்போர்ட்டுக்கே போகலையே. நீங்க அனுப்பின லொக்கேஷனைத் தினமும் திறந்து பார்க்கிறேன். அம்மா அங்க இருக்காங்கன்னு இப்பத்தான் மனசு கொஞ்சம் கொஞ்சமா ஒத்துக்குது. வீட்டுக்கு வந்துட்டாங்கன்னு நீங்க எழுதிட்டா, நான் யாருக்கு அழறது? என் மக படிச்சுட்டு, பாட்டி வந்தாங்களாமே, எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?”

ஒருத்தி மண்ணுக்குள் இருந்து எழுது என்கிறாள், ஒருத்தி எதிரில் உட்கார்ந்து எழுதாதே என்கிறாள். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. யாரோ ஜன்னல் அளவை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். மகள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். அது என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அந்தப் பெயரைச் சொல்லி ஒருதடவை கூப்பிட்டுப் பார்த்தேன். அந்தப் பெயரால் நான் யாரையும் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

அந்தப் பெயரை இங்கேயும் நான் சொல்லப் போவதில்லை. அது அவள் மூட்டையின் மேல் உட்கார்ந்து என்னோடு செய்த முதல் ஒப்பந்தம். ஒன்றையாவது காப்பாற்றுகிறேன்.

ஷார்ஜா திரும்பியதும் அந்த நாலு வரியை அழித்தேன். சரிபார்க்கப் பக்கங்கள் வந்தன. பதிப்பகத்துப் பெண் கவனமானவள். கடைசி அத்தியாயத்தின் கடைசி வரியைச் சிவப்பில் கோடிட்டு, இது பழைய தகவல்போல் இருக்கிறதே, இப்போது மாற்ற வேண்டுமா என்று ஓரத்தில் கேட்டிருந்தாள். முதல் பதிப்பு அச்சுக்குப் போன வாரத்தில், அவள் நன்றாக இருந்தபோது எழுதிய வரி அது.

“ஆஷா இப்போது டெய்ராவில் இருக்கிறாள், கன்டெய்னர் நிறைந்ததும் ஊருக்குக் கிளம்பிவிடுவாள்.”

மாற்ற வேண்டாம், சரியாகத்தான் இருக்கிறது என்று பதில் எழுதினேன்.